வீட்டுச் சுவரில் டார்கெட் போர்டு

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். மணிக்கு எத்தனை பீஸ் என்று அங்கே எழுதும் போர்டைப் போலவே, ஆறாவது படிக்கும் என் மகளுக்கும் வீட்டில் ஒன்று மாட்டினேன்: மணிக்குப் பத்து கணக்கு.

தினமும் டார்கெட்டைத் தாண்டினாள். நானும் பூரித்துப் போயிருந்தேன், அவள் டீச்சர் கூப்பிடும்வரை.

"பின்னக் கணக்குப் பக்கமே போக மாட்டேங்கிறாளேம்மா!"

வீட்டு நோட்டைப் புரட்டினால், அத்தனையும் ஒற்றை இலக்கக் கூட்டல்!

"கஷ்டமான கணக்குல குந்திகினு இருந்தா டார்கெட் பூடும்மா," என்றாள் மகள்.

சுலபமான பாகங்களை முதலில் செய்து எண்ணிக்கை காட்டுவது, லைனில் நானும் செய்வதுதான்.

இப்போது போர்டில் எண்ணிக்கை கிடையாது. விடாமல் முயன்ற கணக்குக்கு மட்டும் ஸ்டார் ஸ்டிக்கர். நேற்று ஒரே ஒரு பின்னக் கணக்குதான் போட்டாள். அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிவிட்டது. அந்த ஓட்டையின் மேலேயே ஸ்டாரை ஒட்டினேன்.