பனிச்சங்கேணியில் என் ஜெபம் சுருங்கிய கதை

வெளிநாட்டு ஊழியத்தில் முதலில் பறிபோவது நம்முடைய பேச்சுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போன சக ஊழியக்காரர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். நான் நாகர்கோவில்காரி. இலங்கையிலும் தமிழ்தானே, நமக்கென்ன கஷ்டம் என்று நினைத்து மட்டக்களப்புக்கு வடக்கே, காயல் போன்ற வாவியின் கரையில் இருக்கும் பனிச்சங்கேணிக்கு வந்து சேர்ந்தேன். பெண்களுக்குத் தையல் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை என் வாடகை வீட்டில் சின்னதாய் ஒரு ஜெபக்கூட்டம். இதுதான் வேலை.

வருத்தம்

வந்த வாரமே வாசலில் சில ஆண்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் ஊர்க் கோயிலின் வண்ணக்கர். எங்கள் பக்கம் தர்மகர்த்தா என்போம். உட்காரச் சொன்னேன், யாரும் உட்காரவில்லை. பின்னால் ஒருவர் கையில் மண்வெட்டி இருந்தது. அவர் வயலிலிருந்து நேரே வந்தவர் என்பது பிறகுதான் தெரியும். அப்போது என் கண் அதைவிட்டு நகரவில்லை. "கூட்டம் வைக்கிறீங்களாம். எங்கட சனத்தை இழுக்கவா வந்தீங்க?" என்றார் வண்ணக்கர்.

பயிற்சியில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். கடைசியில், "உங்களுக்கு வருத்தமாக இருந்தால் மன்னிச்சிடுங்க ஐயா" என்று முடித்தேன். அந்த ஊரில் வருத்தம் என்றால் நோய். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்வெட்டிக்காரர் சிரிப்பை அடக்கக் குனிந்தார். வண்ணக்கர் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆருக்கும் வருத்தம் வந்தா வந்து பாருங்க, தடுக்க மாட்டம். ஆள் பிடிக்க மட்டும் வராதீங்க."

மண்டபம்

அந்த மாரியில் வாவி ஊருக்குள் வந்துவிட்டது. பட்டப்பகலில் என் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அக்கம்பக்கத்தார் எல்லாரும் கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். அதுதான் மேடான இடம். நான் மட்டும் மேசைமேல் ஏறி, வேதாகமத்தையும் பாஸ்போர்ட்டையும் மார்போடு கட்டிக்கொண்டு நின்றேன். பிறந்ததிலிருந்து ஒரு கோயில் வாசலையும் மிதிக்காதவள் நான். என்னை அங்கே நிறுத்தி வைத்தது விசுவாசமா வீம்பா என்று கேட்டால் இன்றும் பதில் இல்லை. தண்ணீர் மேசைக் காலில் ஏறிக்கொண்டே இருந்தது.

ஒரு தோணி வாசல்வரை வந்தது. அதில் வண்ணக்கர், தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, கையை நீட்டினார். "ஐயா, நான் கோயிலுக்குள்ள எப்படி..." என்று இழுத்தேன். அங்கே காணும் என்றால் போதும்; அவர் சொன்ன பதில்தான் என்னைத் தோணியில் ஏற்றியது.

"கும்பிடச் சொல்லல்ல புள்ள. நனையாம இருங்க, அது காணும்."

தவராசாவின் தோணி

புஷ்பம் என் தையல் வகுப்புக்கு வருகிறவள். அவள் கணவர் தவராசா வாவியில் மீன் பிடிப்பவர். ஒரு நாள் காலையில் அவர் போன பிறகு காற்று கிளம்பியது. மத்தியானத்துக்குள் மற்றத் தோணிகள் எல்லாம் திரும்பிவிட்டன, அவருடையது வரவில்லை. அவருடைய தம்பிமார் தேடிப் போனார்கள். புஷ்பம் நனைந்தபடி என் வாசலில் வந்து நின்று, "அக்கா, செபியுங்க" என்றாள்.

இருவரும் கரைக்குப் போனோம். நாகர்கோவிலில் கன்வென்ஷன் மேடையில் மூச்சு விடாமல் ஜெபித்துப் பேர் வாங்கியவள் நான். அன்று வாயைத் திறந்தால் அந்த அழகான வாக்கியங்கள்தான் வந்தன. பாதியில் கூசிப்போய் நிறுத்திவிட்டேன். அவர் வராவிட்டால் இவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அவர் வராவிட்டால் நாளைக் காலையில் நான் எதை நம்பிக்கொண்டு எழுந்திருப்பேன்? கடைசியில் என்னிடம் மிஞ்சியது, "கொண்டு வாரும்" என்ற இரண்டு சொற்கள்தான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்தில் நிற்பவர்கள் காதில் விழவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் நான் ஜெபித்தது அன்றுதான்.

வெயில் சாயும் நேரத்தில் தம்பிமார் அவரைக் கொண்டுவந்தார்கள். கவிழ்ந்த தோணியைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நிற்கும் கண்டல் புதர்களுக்கிடையில் கிடந்தாராம். நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். புஷ்பம் என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள்:

"வைரவருக்கும் நேர்ந்திட்டுத்தான் வந்தன் அக்கா. கோவிக்காதீங்க, பயம் வந்தா ஆரையும் விட ஏலாது."

கேமராவுக்கு முன்னால்

அடுத்து வந்தவர் எங்கள் மிஷன் தலைவர். தவராசா பிழைத்ததை நான்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். வந்ததும் புஷ்பத்தை நாற்காலியில் உட்காரவைத்து, கேமராவைத் திருப்பினார். "இயேசு என் கணவரைக் காப்பாற்றினார், குடும்பமாக அவரை ஏற்றுக்கொண்டோம்னு சொல்லும்மா." அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் படம் கைபேசி வழியாக ஊருக்குத் திரும்பி வந்தால் அவளால் வெளியே தலைகாட்ட முடியாது. நான் மறுத்தாலோ, என் விசா நீட்டிப்புக்கு அவர் கையெழுத்து வேண்டும்.

"ஐயா, அவங்க அப்படி ஏத்துக்கல. அதைச் சொல்ல வைக்க வேண்டாம்" என்றேன்.

"சிஸ்டர், இங்க வந்து உங்க விசுவாசம் குறைஞ்சு போச்சு."

"இல்லை ஐயா. எனக்கு இப்பதான் பொய்யில்லாம ஜெபிக்க வருது."

அவர் கேமராவை மூடினார். விசா கிடைக்குமா என்று தெரியாமல் பல வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு கையெழுத்து வந்தது, காரணம் ஏதும் சொல்லப்படவில்லை. ஆனால் அன்று கிளம்புமுன் அவர் தவராசாவிடம், "நீங்களாவது சொல்லுங்க, அங்கே என்னதான் நடந்தது?" என்று கேட்டார். தவராசா சொன்னது இது:

"கவிண்ட தோணியைப் பிடிச்சிட்டுக் கிடந்தன் ஐயா. கரையில ரெண்டு பொம்பிளையள் எனக்காக நிக்கிறது தெரிஞ்சிருந்தா இன்னும் இறுக்கிப் பிடிச்சிருப்பன்."

கடல் தாண்டிப் போய் இதுவரை நான் மனந்திரும்பப் பண்ணிய ஒரே ஆள் நான்தான், அந்த வேலையும் இன்னும் முடிந்தபாடில்லை.