ஒட்டாத விராலி

விராலி இலையைக் கசக்கினால் விரலில் பிசின் ஒட்டும். பச்சை மாங்காயின் காம்பை ஒடித்தாற்போல ஒரு புளித்த வாசனை எழும்பும். சோறு பிசையும்போதும் அது கையை விட்டுப் போகாது. முழுஆண்டு விடுமுறைக்குத் தூத்துக்குடியிலிருந்து சாத்தான்குளத்துக்குக் கிழக்கே சித்தி வீட்டுக்குப் போகும் எங்களுக்கு அந்த வாசனைதான் விடுமுறை.

சித்தியின் வீட்டுக்குப் பின்னால் தேரி தொடங்கிவிடும். கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மணல் மேடு. அதில் ஆடுகள் கூடக் கடிக்காத, இடுப்பளவு வளர்ந்த விராலிப் புதர்கள். மற்றதெல்லாம் கருகிப்போகும் வெயிலிலும் அது இலை உதிர்க்காது. ஒல்லியான இலைகள் எண்ணெய் பூசினாற்போல மினுங்கும். பூவுக்கு இதழே கிடையாது, பூத்ததே தெரியாது, காய்தான் அழகு. காகிதம்போல மூன்று சிறகு வைத்து, பச்சையாகத் தொடங்கிச் செம்பு நிறமாகி, காற்றடித்தால் கொத்துக் கொத்தாகச் சலசலக்கும்.

ஆனால் எல்லா விராலியும் ஒன்றல்ல. எங்கோ ஒன்று மட்டும் முழங்கால் உயரத்தில், அகலமான கரும்பச்சை இலையோடு தனியே நிற்கும். கசக்கினாலும் பிசின் ஒட்டாது. அதைச் சித்தி "கெணத்து விராலி" என்பாள். காற்றுக்காலத்தில் நகரும் மணல் பழைய தோட்டக் கிணறுகளை மூடிவிடும். கிணற்று வாய்க்குக் குறுக்கே போட்ட பனந்தடிகள் மணலுக்கு அடியிலேயே இற்றுக்கொண்டிருக்கும். கிணற்றுச் சுவரில் வேர்விட்டு ஈரம் குடித்து வளர்ந்த செடியின் தலைதான் நமக்கு முழங்காலளவாகத் தெரிவது.

"ஏளா, அங்கன போவாத! அது தண்ணி குடிச்சுல்லா நிக்கு, இந்த மணல்ல தண்ணி ஏது?" என்று கத்துவாள் சித்தி. நாங்கள் சிரித்தால், "உழுந்தா பயப்படாத, தொணைக்கு நம்ம ஆடு கெடக்கு" என்பாள். அவளுடைய வெள்ளாடு ஒன்று அப்படிப் போனதுதான். ஒரு பகல் முழுக்க மணலுக்கு அடியிலிருந்து அது கத்தியதை நானும் கேட்டிருக்கிறேன். தெரியாமல் கிட்டே போய்விட்டால் ஓடக் கூடாது; "வந்த தடத்துலயே கால வச்சு வரணும்." காற்று அடங்கியதும் அந்தப் பக்கத்துப் பெண்கள் துரட்டிக் கம்பால் உடைமுள்ளைத் தள்ளி அச்செடிகளைச் சுற்றி வளைப்பார்கள், முள்ளில் பழைய சேலைக் கிழிசல் பறக்கும்.

போன மாதம் சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, மணலைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்ததால் சித்தி ஊர்த் தேரியோரம் காரை நிறுத்தினோம். ஒட்டுகிற இலை ஒன்று உண்டு, பறித்துப் பாருங்கள் என்று அனுப்பியவள் நான்தான். சற்று நேரத்தில் பெரியவள் ஒரு கொப்போடு திரும்பி வந்தாள்.

"நீ சும்மா சொல்லுதம்மா. ஒட்டவே இல்ல."

அகலமான இலை. என் விரலிலும் ஒட்டவில்லை.

"பாப்பா எங்க?"

"அங்கனதான். செவப்புக் காய் பெறக்கிட்டிருக்கா."

மேட்டில் ஏறிப் பார்த்தேன். முள்ளும் இல்லை, துணியும் இல்லை. அந்த ஒற்றைச் செடிக்குப் பக்கத்தில் சின்னவள் குந்தியிருந்தாள். பின்னாலேயே ஏறி வந்து என் முகத்தைப் பார்த்துப் பதறிய கணவர், "பாப்பா, ஓடி வா!" என்று கத்த வாயெடுத்தார், அவர் வாயைப் பொத்தினேன். விளையாட்டுபோலச் சொன்னேன்: "பாப்பா, நீ போன தடம் தெரியுதா? அது மேலயே கால வச்சு மெதுவா வா. வெளிய வச்சா அவுட்டு."

"அக்காவும் அப்படித்தான் வந்தாளா?"

"அக்கா அவுட்டு. நீ வா."

இரண்டு கைகளையும் விரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தாள். பாதியில் நின்று, "செருப்பு ஒண்ணு அங்கயே கெடக்கும்மா" என்று திரும்பினாள். "புதுசு வாங்கலாம், வா" என்றேன். கைக்கு எட்டியதும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் செருப்பைச் சுற்றி மணல் மெல்ல வடிந்தது. செருப்பு சாய்ந்தது. பிறகு அங்கே செருப்பு இல்லை. சத்தம் ஏதும் கேட்கவில்லை.

ரோட்டோரத் தேநீர்க்கடை அண்ணாச்சியிடம் சொன்னோம். "அங்கன கெணறா? நான் கட போட்ட நாள்லேருந்து அப்படி ஒண்ணும் கேள்விப்படலியே" என்றார். சித்தி இறந்து வருடங்களாகிவிட்டன; அவளோடு முள் தள்ளிய பெண்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கணவர் இரண்டு அலுவலகங்களுக்குப் போன் செய்தார், குறித்துக்கொண்டார்களாம்.

எங்கள் வீட்டில் துறைமுகத்து லாரிகள் போகும்போது சன்னல் அதிரும். அதற்கே இப்போது எழுந்து சின்னவளைத் தொட்டுப் பார்க்கிறேன். பெரியவள் கொண்டுவந்த கொப்பைத் தண்ணீர்த் தம்ளரில் போட்டு அந்தச் சன்னலில் வைத்திருக்கிறாள். என்ன செடி என்று பள்ளித் தோழிகள் கேட்டால், "சும்மா, காட்டுச் செடி" என்கிறாள். இத்தனை நாளாகியும் அதில் ஓர் இலை உதிரவில்லை. தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.