மறுபிறவியிலும் மருமகள்

வினோதா தன் வாழ்நாளில் வெறுத்தவர்களிலேயே அதிகம் வெறுத்தது அமிழ்தவல்லியைத்தான். அமிழ்தவல்லி என்று ஒருத்தி உலகத்தில் கிடையாது என்பது அந்த வெறுப்பை ஒரு துளியும் குறைக்கவில்லை.

அமிழ்தவல்லி ஒரு கதையின் நாயகி. எழுதியவள் வினோதாவின் நாத்தனார் கிருஷாந்தி. அட்டன் டவுனில் டீச்சராக இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு அத்தியாயம் எழுதி, தானே வாசித்து, போனில் கேட்கிற மாதிரி போட்டுவிடுவாள். கதையில் அமிழ்தவல்லி தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு இளம் விதவை. மாமியாரைக் குளவிக் கூட்டத்திலிருந்து காப்பாற்றப் போய், தானே கொட்டுப்பட்டுச் செத்துப்போகிறாள். அடுத்த பிறவியில் அரசன் மகளாகப் பிறக்கிறாள். முற்பிறவி ஞாபகம் முழுக்க அப்படியே இருக்கிறது. அவள் நடந்தால் கால் நோகாது, அழுதால் மூக்கு ஒழுகாது. கொழுந்து பறித்த காலத்திலும் அவள் விரல்கள் மருதாணி வைத்தாற்போல இருந்தனவாம். வினோதா அந்த இடத்தைக் கேட்டுவிட்டுத் தன் விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் கறுப்பு, ஆள்காட்டி விரலில் ஆறாத வெடிப்பு. மருதாணியாம் மருதாணி.

கேட்காமல் இருக்கவும் வழியில்லை. கூடவே கொழுந்து பறிக்கும் காளியாயி போனைக் கூடைக்குள் போட்டுச் சத்தமாக வைத்துவிடுவாள். மலையில் ஒரு நிரை முழுக்க அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டேதான் கை ஓட்டும். காலில் அட்டை ஏறுவது தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பறித்தார்கள். நாலாவது வாரத்தில் காளியாயிதான் கண்டுபிடித்தாள்.

"கன்னத்து மச்சம், கொழும்புல கட்டடத்துல இருந்து விழுந்து செத்த புருசன், ஒருபக்கம் இழுத்துக்கிட்ட மாமியா. ஏன்டி, இது நம்ம வினோதா இல்லையா?"

அன்றிலிருந்து பிடித்தது சனி. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவளுக்கு முதலில் குடம் வைக்க இடம் விட்டார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் பழனியாண்டிக் கங்காணி அவள் பெயரைக் கூப்பிடும்போது குரலைத் தாழ்த்தினார். இதெல்லாம் எவளுக்கு? மாமியார் வேலாயியின் சாப்பாட்டுத் தட்டை இரண்டு தடவை முற்றத்துக்கு வீசியெறிந்த வினோதாவுக்கு. ஏழு வருஷமாக மாமியாரைத் தூக்கி, கழுவி, துடைத்து, அவள் வாயில் வந்ததையெல்லாம் கேட்டு, அதைவிட மோசமாகத் திருப்பிக் கொடுத்தவளுக்கு. அவள் செய்தது பாசத்தினால் அல்ல. செய்ய வேறு நாதி இல்லாததினால். செய்ததென்னவோ உண்மை.

ஆனால் போன சீசனில் ஒரு காரியம் நடந்திருந்தது. லீவு நாட்களில் வினோதா நல்லதண்ணிக்குப் போய், சிவனொளிபாத மலையேற வருகிற சனத்துக்கு வடை சுட்டு விற்கும் மதுரனின் கடையில் நின்றாள். மதுரன் பெண்சாதியை இழந்தவன், பிள்ளை இல்லை. ஒரு நாள் எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"எனக்கும் யாரும் இல்ல, ஒங்களுக்கும் யாரும் இல்ல. யோசிச்சு சொல்லுங்க."

எண்ணெயை வடித்து முடிக்கும் வரை வினோதா யோசித்தாள். பிறகு, "சரிங்க" என்றாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. தன்னை யாராவது எதையாவது கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

போவதென்றால் தோட்டத்தில் பெயரை வெட்ட வேண்டும். பெயர் பதிந்த ஆள் போய்விட்டால் அவர்கள் இருந்த ஒற்றை அறையை, லயத்துக் காம்பராவை, தோட்டம் எடுத்துக்கொள்ளும். வேலாயிக்குத் தலைக்கு மேல் கூரை இருந்தது வினோதா கொழுந்து பறித்ததால்தான். அவள் போனால் கிழவி மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதில் என்ன தப்பு? பெற்ற மகள்தானே. வினோதா அட்டனுக்கே போய், மாபிள் பதித்த வீட்டில் உட்கார்ந்து நேராகக் கேட்டாள்.

"நா இன்னொருத்தர கட்டிக்கப் போறேன் கிருஷாந்தி. ஒங்கம்மாவ நீ கூட்டிக்க."

கிருஷாந்தி கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகப் பேசினாள். "மெல்ல அண்ணி. இங்க லயம் கியம்னு எதுவும் பேசாதீங்க, எங்க மாமியா காதுல விழும். கொஞ்சம் பொறுங்க. பாப்போம்."

பார்த்த லட்சணம் இதுதான். அடுத்த மாதம் அமிழ்தவல்லி பிறந்துவிட்டாள்.

கதையில் பக்கத்து நாட்டு இளவரசன் பெண் கேட்டு வந்தான். "என் உயிர் போன பிறவியிலேயே ஒருவருக்கு உரிமையாகிவிட்டது" என்று அமிழ்தவல்லி அவனைத் திருப்பி அனுப்பினாள். பட்டுப் பல்லக்கை விட்டிறங்கிக் காடு மேடெல்லாம் அலைந்து, ஒரு குடிசையில் கிடந்த பழைய மாமியாரைக் கண்டுபிடித்து, கண்ணீரால் கால் கழுவினாள். அன்றைக்கு மலையில் கொழுந்து குறைந்து, எல்லாரும் கங்காணியிடம் ஏச்சு வாங்கினார்கள்.

காளியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு வினோதா பக்கம் திரும்பினாள். "பாத்தியா, இளவரசனே வந்து கேட்டும் போகல. நீ என்னமோ வடக்கடக்காரன கட்டிக்கப் போறேன்னு பேசிக்கிறாங்க. பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லிரு."

"பொய்யில்ல. போகத்தான் போறேன்."

வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டை என்கிற கதைதான் பிறகு. பீலியில் இடம் விட்டவர்கள் அவள் குடத்தைக் காலால் தள்ளினார்கள். அவள் பக்கத்து நிரையில் நிற்க யாரும் வரவில்லை. "கெழவிய நாய் மாதிரி போட்டுட்டுப் போறா" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். ஏழு வருஷத்தில் ஒரு நாளாவது அந்தக் கிழவிக்கு ஒரு வாய் கஞ்சி கொண்டுவந்து கொடுக்காத வாய்கள் அவை.

இதைவிடக் கொடுமை வேலாயி. லயத்துச் சுவர் கூரையைத் தொடுவதில்லை. பக்கத்துக் காம்பராவில் ஓடுகிற கதை அவள் படுக்கைக்கே வந்துவிடும். முன்பெல்லாம் "என் மகன முழுங்கினவளே" என்று கூப்பிட்டவள், இப்போது "தாயி" என்றாள். சோறூட்டினால் கண்கலங்கினாள். வினோதாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். இவளை என்ன செய்வது?

மாரியம்மன் திருவிழாவில் வினோதாவுக்குப் பொன்னாடை போர்த்துவதென்று பழனியாண்டிக் கங்காணி ஏற்பாடு செய்தார். யோசனை கிருஷாந்தியுடையது. பட்டுச் சேலை கட்டி, அட்டனிலிருந்து வேனில் அவளே பொன்னாடையோடு வந்து இறங்கினாள். ஊரே பார்க்கப் போர்த்திவிட்டால், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு ஒருத்தி கிளம்பிப் போவாள்? கிருஷாந்திக்கு அது நன்றாகத் தெரியும். வினோதாவுக்கும் தெரியும். ஆனாலும் போய் நின்றாள்.

போர்த்தினார்கள். கைதட்டினார்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்க அண்ணி" என்று கிருஷாந்தியே மைக்கைக் கையில் கொடுத்தாள்.

"கத நல்லாத்தான் இருக்கு" என்றாள் வினோதா. "ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. அந்தக் கெழவி ஒரு மகளும் பெத்திருந்தாளே, அவள ஏன் கதையில காணோம்? இந்தப் பொறப்புலயும் காணோம், அடுத்த பொறப்புலயும் காணோம்."

மேளக்காரர்கள்கூடக் கையை எடுத்துவிட்டார்கள்.

"அது சும்மா கததானே அண்ணி" என்றாள் கிருஷாந்தி. முகம் வெளுத்திருந்தது.

"என் மச்சம் நெசம், என் புருசன் செத்தது நெசம், ஒங்கம்மா படுத்துக் கெடக்குறது நெசம். நீ மட்டும் கதையா? நாளைக்கு ஆபீசுல பேர வெட்டப் போறேன். ஞாயித்துக்கெழம வேன அனுப்பு."

பொன்னாடையை மடித்து மைக்கோடு சேர்த்துக் கங்காணி கையில் வைத்துவிட்டு இறங்கினாள். பின்னால் சாபம் விட்டார்கள். சாமி முன்னால் நின்று இப்படிப் பேசுகிறாளே, நாக்கு அழுகும் என்றார்கள். ஆனால் பூசை முடிந்து பிரசாதம் வாங்கும்போது காளியாயியே போய்க் கேட்டாள்: "அப்ப நீங்க கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே டீச்சரம்மா, ஒங்கம்மாதானே?" சுற்றி நின்ற நாலைந்து பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். கிருஷாந்தியால் எழுதி வாசிக்க முடியாத அத்தியாயம் அது.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. லயத்துச் சனம் வாசலில் நின்று பார்த்தது. ஒருவரும் கை கொடுக்கவில்லை. டிரைவரும் வினோதாவுமாக வேலாயியைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் கிடத்தினார்கள். கிருஷாந்தி முன்சீட்டை விட்டு இறங்கவில்லை. வினோதா மூத்திரத் துணிப்பையை உள்ளே வைத்துவிட்டு, எந்தப் பக்கம் படுக்கவைத்தால் நோகும், கஞ்சியை எவ்வளவு தண்ணியாகக் காய்ச்ச வேண்டும் என்று அந்த முதுகைப் பார்த்துச் சொன்னாள். முதுகு கேட்டதா என்று தெரியவில்லை.

வேலாயி நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கதையில அந்தப் புள்ள தேடி வந்துச்சே தாயி."

"அது வேற புள்ள அத்தை."

"அடுத்த பொறப்புலயாச்சும் வருவியா?"

ஆமென்று ஒரு சொல் சொல்லிவிடலாம். யாருக்கும் நட்டமில்லை. வினோதாவுக்கு அழுகை வந்தது, மூக்கும் ஒழுகியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, கிழவிக்குச் சரியாகக் கேட்கட்டும் என்று காதருகே குனிந்தாள்.

"வரமாட்டேன் அத்தை."

வேலாயி கையை விட்டாள்.