சொம்பைத் தொடாதவர்

பத்தாவதோடு நின்றவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நாவல் ஒன்றின் கதையை மகள் சொன்னாள். செய்யாத குற்றத்துக்கு ஒரு கறுப்பரை ஊரே சந்தேகப்படுகிறதாம். எனக்கு மாரன் நினைவு வந்தது.

அந்தியூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தண்ணீர் கட்டியவர் மாரன். குடிக்கக் கேட்டால், அம்மா பித்தளைச் சொம்பை உயரத் தூக்கி அவர் கையில் ஊற்றுவார். ஒருநாள் சொம்பைக் காணோம். அப்பா மாரனின் தூக்குப்போசியைத் திறந்து, சோற்றைக்கூடக் கிளறிப் பார்த்தார்.

"எங்கடா வித்தே?"

"நான் அதைத் தொட்டதே இல்லீங்களே, சாமி."

"தொடாதவனுக்குத்தான்டா ஆசை வரும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா, கண்ணு?"

சொம்பைக் கிணற்றில் தவறவிட்டவளே நான்தான். "இல்லீங்கப்பா" என்றேன்.

மறுநாள் தண்ணீர் கட்ட வேறு ஆள் வந்தார்.