லிசெல்லை இருக்கச் சொல்வது

எங்கள் ஊர் டுலூத்தில் யாராவது காப்பி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை கேட்டதும், போட்டது மிச்சமிருந்தால் அரைக் கோப்பை என்று சொல்லி முழுக் கோப்பையை வாங்கிக்கொள்ள வேண்டும். நான் பிறந்தது, படித்தது, பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து இருபது வருடம் வயிற்றைக் கழுவியது எல்லாம் இந்த ஊரில்தான். முதல் கேள்விக்கு ஆமாம் என்று சொன்ன நினைவு எனக்கு இல்லை.

லைல் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டபோது படகு மோட்டாரைக் கழற்றிப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உனக்கென்ன, வேற நல்ல பொண்ணா கிடைக்கும்" என்றேன்.

"கிடைக்கலாம்" என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் துடைத்தான்.

அடுத்த முறை கேட்க அவனுக்கு இரண்டு கோடை ஆயிற்று. மூன்றாவது முறைக்குக் காத்திருக்க எனக்கே பயமாக இருந்ததால் விதியைக் கொஞ்சம் தளர்த்திச் சரி என்றேன்.

எங்களுக்கு இங்கா பிறந்தபோது எனக்கு நாற்பது. அவளுக்கு மூன்று வயதானதும் ஓபேர் ஒருத்தியை வரவழைத்தோம். வேறு நாட்டிலிருந்து ஒரு வருடத்துக்கு வந்து, வீட்டில் ஒருத்தியாகத் தங்கி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இளம்பெண். அப்போதே இந்த வட்டாரத்து ஓபேர் பெண்களுக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்க முடியுமா என்று அவர்களை அனுப்பிவைக்கும் நிறுவனத்திலிருந்து கேட்டார்கள். எனக்கு அதெல்லாம் வராது என்றேன். கேட்ட பெண்மணி பாஸ்டன்காரி. சரி என்று போனை வைத்துவிட்டாள். ஒரு வாரம் வருத்தமாக இருந்தது. பிறகு, வேறு யாரும் கிடைக்கவில்லை என்று அவளே மறுபடி கூப்பிட்டாள். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த நல்லவை பெரும்பாலும் வேறு யாரும் கிடைக்காததால் கிடைத்தவை.

வேலை எளிது. மாதம் ஒரு முறை பெண்களை ஒன்றுசேர்க்க வேண்டும். இலையுதிர் காலத்தில் ஆப்பிள் பறிக்க, அக்டோபரில் பூசணிக்காய் செதுக்க, குளிரில் சறுக்கு வண்டி ஓட்ட. ஒவ்வொரு கூட்டத்திலும் கொஞ்ச நேரம் உபதேசம். என் உபதேசம் எப்போதும் ஒன்றுதான்: மனதில் இருப்பதை நேராகச் சொல்லிவிடுங்கள், உங்கள் வீட்டுக்காரர்களால் உங்கள் மனதைப் படிக்க முடியாது. இதை நான் நன்றாகச் சொல்வேன். சில பெண்கள் குறிப்பெடுத்ததுகூட உண்டு.

எங்கள் வீட்டுக்கு வந்தவள் லிசெல். தென்னாப்பிரிக்காவில் ஒரு சோளப் பண்ணையில் வளர்ந்தவள். டிராக்டர் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டிய குரல். வந்த அன்று அவளுக்காக ஹாட்டிஷ் செய்திருந்தேன். இறைச்சியும் காளான் சூப்பும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி, அடுப்பில் பொன்னிறமாக வேகவைத்தது. ஒரு வாய் எடுத்துவைத்தாள்.

"டானி, இதுல உப்பே இல்லை."

டானி என்பது அவர்கள் மொழியில் சித்தி, அத்தை எல்லாம். அம்மா வயதுப் பெண்கள் எல்லாருமே டானிதான். ஆர்டிஸ் என்றே கூப்பிடு என்று சொல்லிப்பார்த்தேன்.

"வாய் வராது, டானி. எங்கம்மா கேட்டா அறைவாங்க."

லைல் எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான். பிறகு, நான் பார்க்காத மாதிரி இருந்தபோது, தனக்கும் கொஞ்சம் போட்டுக்கொண்டான். பதினெட்டு வருடமாக அவனுக்கு உப்பு போதவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இங்கா அதுவரை பாலர் பள்ளி வாசலில் காரைவிட்டு இறங்கமாட்டாள். இருக்கையைப் பிடித்துக்கொள்வாள். லிசெல் வந்த மாதமே அவள் தோளில் உட்கார்ந்து உள்ளே போனாள். பிறகு நடந்து போனாள். அப்புறம் மற்ற பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். எனக்கும் ஒன்று நடந்தது. வேலை முடிந்து வந்ததும், இந்தச் சட்டை உங்களுக்கு நல்லாயில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று தெரிந்துகொண்டேன்.

ஜனவரியில், பாத்திரம் கழுவும்போது கேட்டாள்.

"டானி, மார்ச்சோட என் வருஷம் முடியுது. இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம்னு விதி இருக்கு. இங்கயே இருக்கவா?"

ஆமாம், இரு என்று சொல்லத்தான் ஆசை. வாய் அதன் வேலையைச் செய்தது.

"எங்களுக்காகன்னு நீ நினைக்கவே வேண்டாம், லிசெல். இங்க குளிர் வேற. உனக்கு எது தோதுப்படுதோ அதைப் பாரு."

"சரி" என்றாள். வாணலியைத் துடைத்துவைத்தாள்.

இரண்டாவது முறை கேட்பதற்காகக் காத்திருந்தேன். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று தேவையில்லாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். துணி மடிக்கும் இடத்தில் போய் நின்றேன். வானிலையைப் பற்றிப் பேச்செடுத்து இடைவெளி விட்டேன். அவள் வானிலையைப் பற்றியே பேசினாள்.

லைலிடம் சொன்னேன்.

"நீ என்ன சொன்ன?"

"உன் தோதுப்படின்னு சொன்னேன்."

"அதான் சரி" என்றான். "வற்புறுத்தினா நல்லாயிருக்காது."

"திரும்பக் கேப்பாளா?"

"கேக்காம? பேசிட்டுதானே இருக்கோம். அவசரம் என்ன."

இரண்டு பேருமாக பிப்ரவரி வரை அவசரமில்லாமல் இருந்தோம்.

பிப்ரவரிக் கூட்டம் ஏரியில். உறைந்த ஏரிமேல் லைல் மீன்பிடிக் குடில் ஒன்று போட்டிருக்கிறான். உள்ளே ஒரு அடுப்பு, இரண்டு பெஞ்சு, தரையில் பனிக்கட்டியில் துளைத்த ஓட்டைகள். பெண்கள் எல்லாரும் முட்டி முட்டி உட்கார்ந்து தூண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாய்லாந்துப் பெண் பிம்சிரி மட்டும் ஏரி உடைந்துவிடும் என்று காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்திருந்தாள். அன்றைய உபதேசம், கஷ்டமான பேச்சைத் தொடங்குவது எப்படி. நடித்துப் பார்க்க வேண்டும். ஒருத்தி வீட்டம்மா, ஒருத்தி ஓபேர். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு வேண்டும் என்று ஓபேர் கேட்க வேண்டும்.

"ஆர்டிஸ், நீங்க ஓபேரா இருங்க" என்றாள் கொலம்பியாக்காரி யுலியானா. "வீட்டம்மாவா லிசெல்."

நான் நேராக, தெளிவாக, கண்ணைப் பார்த்து ஞாயிறு விடுப்புக் கேட்டேன். நடிப்பில் எனக்கு நன்றாக வந்தது.

லிசெல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். இல்லாத மேஜையை இல்லாத துணியால் துடைத்தாள். சின்னக் குரலில் தொடங்கினாள்.

"அதுக்கென்னம்மா... எங்களைப் பத்தி நீ யோசிக்கவே வேண்டாம்... நாங்க எப்படியோ பாத்துக்குவோம்... உனக்கு எது தோதோ... ஜன்னல்கிட்ட பனி நிறைய விழுந்திருக்கு பாரு..."

குடில் அதிர்ந்தது. பிம்சிரி காலை மறந்து ஏரிமேல் வைத்துவிட்டாள். யுலியானா சிரித்துச் சிரித்துத் தூண்டிலை ஓட்டைக்குள் விட்டுவிட்டாள். நானும் சிரித்தேன். கேலி செய்யப்படும்போது எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது எங்கள் பக்கத்து மரியாதை. ஆனால் துடைத்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் வாணலிக்குப் பக்கத்தில் அப்படித்தான் துடைத்திருக்கிறேன் போல.

"நீ அரிசோனா போயிட்டா எங்களை யாரு சிரிக்க வைப்பா?" என்றாள் பிம்சிரி.

"அரிசோனாவா?" என்றேன்.

"நேத்து வீடியோல பேசினேன், டானி. ரெண்டு பசங்க, நீச்சல் குளம். வரேன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை அவங்க உறுதி பண்ணுவாங்க. வீட்ல போய்ச் சொல்லலாம்னு இருந்தேன்."

"ரொம்ப நல்லது" என்றேன். "நல்ல வெயில் அடிக்கும்."

பிறகு ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில், அரிசோனாவுக்குத் தொப்பி எடுத்துப்போவது முக்கியம் என்றும் சொன்னேன்.

எல்லாரையும் அனுப்பிவிட்டு, கார் தாங்கும் அளவுக்கு உறைந்திருந்த ஏரிமேலேயே காரை ஓட்டிவந்தேன். பக்கத்தில் லிசெல். கரைக்குப் பாதி வழியில் நிறுத்தினேன்.

"ஏன் நின்னுட்டோம்?"

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"பெரிசா ஒண்ணுமில்ல."

"அப்ப வீட்ல போய்ச் சொல்லுங்க. கால் விறைக்குது."

"பெரிசுதான்" என்றேன். ஸ்டியரிங்கைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. "நீ போக வேண்டாம். இங்காவுக்காகச் சொல்றேன். இல்ல, எனக்காகவும்தான் சொல்றேன்."

அவள் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டேனே?"

"கேட்ட. நீ திரும்பக் கேப்பன்னு காத்திருந்தேன்."

"எதுக்குத் திரும்பக் கேக்கணும்? நான் கேட்டேன், நீங்க பதில் சொன்னீங்க."

எங்கள் வழக்கத்தை விளக்கினேன். ஒருவர் மூன்று முறை கேட்பது, இன்னொருவர் இரண்டு முறை மறுப்பது. நூறு வருடமாக எல்லாரும் செய்வதுதான். காருக்குள் சத்தமாகச் சொல்லும்போது அது ஒரு நோயின் அறிகுறிபோலக் கேட்டது.

"டானி, தினமும் காலைல உங்களுக்குக் காப்பி வேணுமான்னு கேப்பேன். ஒரே ஒரு தடவைதான் கேப்பேன்."

"ஆமா."

"அப்ப ஒரு வருஷமா நீங்க காப்பி குடிக்கலையா?"

"நீ இங்காவைக் கூட்டிட்டுப் போனதும் போட்டுக்குவேன்."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்தாள்.

"எனக்கும் இங்கதான் இருக்கணும். ஆனா அந்தம்மாவுக்கு வார்த்தை குடுத்துட்டேன். நான் அதை மாத்த மாட்டேன். நீங்க கேளுங்க. அவங்களா விட்டாங்கன்னா இருக்கேன்."

முன்பின் தெரியாத ஒருத்தியைக் கூப்பிட்டு, அவளுக்கென்று ஆகிவிட்ட ஒன்றை எனக்குக் கொடு என்று கேட்க வேண்டும். பல் பிடுங்கச் சொல்லியிருந்தால் மயக்க மருந்தாவது இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டேன். லிசெல் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். லைல் கராஜுக்குப் போய்விட்டான்.

"ஜானெல் பேசறேன்" என்ற குரலைக் கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பேச்சு இழுப்பு எனக்குத் தெரியும்.

"நீங்க அரிசோனாக்காரங்க இல்லையே?"

"நார்த் டகோட்டா. மைனாட். இங்க வந்து பத்து வருஷம் இருக்கும்."

நாசமாயிற்று, எங்கள் பக்கத்து மாநிலம். எங்களைவிட அதிகமாக மறுப்பவர்கள் உண்டென்றால் மைனாட்காரர்கள்தான். முறைப்படி அங்கே வெயில், இங்கே பனி, அவள் அம்மாவின் மூட்டுவலி எல்லாம் பேசினோம். பிறகு கேட்டேன். கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்னால் பையன்கள் தண்ணீரில் குதிப்பது கேட்டது.

"அதுக்கென்ன" என்றாள் ஜானெல். "நீங்களே வெச்சுக்கோங்க. நாங்க எப்படியோ பாத்துக்குவோம்."

அவள் என்ன சொல்கிறாள் என்பது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். விடமாட்டேன் என்கிறாள். இப்போது நான், ஐயையோ, உங்களுக்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். அவள், சிரமமென்ன என்று சொல்வாள். அதற்கு நான் இன்னும் கொஞ்சம் குழைந்து லிசெல்லைப் பெட்டி படுக்கையோடு அவளுக்கே கொடுத்துவிடுவேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டு போனை வைப்போம்.

"நன்றி" என்றேன். "அப்படியே வெச்சுக்கறேன்."

மைனாட்டில் யாரும் அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"சரி" என்றாள் ஜானெல். "சரிங்க." பிறகு, பழக்கத்தால், "கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி" என்றாள்.

போனை வைத்தேன். அக்குள் நனைந்திருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் லிசெல்.

"வெச்சுக்கச் சொன்னாங்க."

"மனசாரவா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றேன்.

அவள் யோசித்தாள். அவள் யோசிப்பது அப்படியே முகத்தில் தெரியும்.

"சொன்னது சொன்னதுதான்" என்றாள் கடைசியில். "ஆனா அங்க ரெண்டு பசங்க இருக்காங்க, டானி. அவங்களுக்கு ஆள் தேடிக் குடுங்க. இன்னைக்கே. அது உங்க வேலைதானே."

மாடியிலிருந்து இங்கா அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். லிசெல் ஏறிப்போனாள்.

அரிசோனா ஒருங்கிணைப்பாளருக்கு எழுத உட்கார்ந்தேன். 'உங்களுக்கு நேரமிருந்தால் மட்டும், அவசரம் ஒன்றும் இல்லை' என்று தொடங்கி அரைப் பக்கம் போயிருந்தது. அழித்தேன். 'இந்தக் குடும்பத்துக்கு மார்ச்சுக்குள் நல்ல ஓபேர் ஒருத்தி வேண்டும். அவர்களுக்கு வர இருந்தவளை நான் வைத்துக்கொண்டேன்' என்று எழுதினேன். படித்துப்பார்த்தால் யாரோ முரட்டுப் பெண் எழுதியதுபோல இருந்தது. அப்படியே அனுப்பத்தான் நினைத்தேன். கீழே, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன்.