நாற்பத்தாறாவது வரியில் நின்றுபோன முனிரத்தினம் அண்ணன்

ஆகஸ்ட் நான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை ஐந்து ஐம்பது. எங்கள் கம்பெனி பஸ் பாகலூர் நிறுத்தத்தில் நின்றபோது உள்ளே பதினெட்டுப் பேர் இருந்தோம். பத்தொன்பதாவதாக ஏற வேண்டியவர் முனிரத்தினம் அண்ணன். அவர் வழக்கமாக நிற்கும் பேக்கரி வாசலில் அவருடைய மைத்துனர் நின்றிருந்தார். டிரைவரின் ஜன்னலருகே வந்து சொன்னார்:

"மாமா போயிட்டாருங்க. விடிகாலம் நாலு மணிக்கு, நெஞ்சு வலி. அவருக்காக பஸ்ஸு நிக்கக்கூடாது, போய்ச் சொல்லிட்டு வான்னு அக்கா அனுப்புச்சு."

பஸ் ஆறு நிமிடம் நின்றது. பிறகு புறப்பட்டது. ஆறரைக்கு ஷிப்ட். அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரும் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் பலர் மீது கோபப்படப் போகிறேன். அதனால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக: முனிரத்தினம் அண்ணனுக்கு வயது நாற்பத்தேழு. ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களிடம் கன்னடம். மூன்றிலும் சுருக்கமாகத்தான் பேசுவார். நான் அதே பிரிவில் இன்ஜினியர். பதவியில் அவருக்கு மேலே, வயதில் இருபது வருடம் கீழே.

நான் சேர்ந்த முதல் வாரத்தில், தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் இயந்திரம் ஒன்று நின்றுபோனது. சென்சார்தான் போய்விட்டது என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "சார் சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ஒயரே கழண்டு தொங்குதுங்களே" என்றார். சிரிக்கவில்லை. மாட்டினார், ஓடியது. எதைப் பழுது பார்த்தாலும் முடித்த நேரத்தைச் சாக்பீஸால் அதன் உடம்பிலேயே எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதுவது அவர் பழக்கம். அன்றும் எழுதினார்: "11.40. ஓடுது."

அந்த மாதமே அவர் எனக்குச் 'சார்' போட்டதை நிறுத்திவிட்டார். நான் 'அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அவருக்கு ஒரு கனவு இருந்தது. கேன்டீனில் எல்லோருக்கும் தெரிந்த கனவு. பாகலூர் சுற்றுவட்டாரத்தில் ரோஜாவும் ஜெர்பராவும் வளர்க்கும் பாலிஹவுஸ் என்னும் பிளாஸ்டிக் கூடாரங்கள் ஏராளம். அந்தக் கூடாரங்களுக்குள் தண்ணீரைப் புகைபோலத் தெளிக்க மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் நாளில் மோட்டார் நின்றால் மாலைக்குள் பூ தலையைத் தொங்கப் போட்டுவிடும். ரிப்பேருக்குக் கொடுத்தால் மூன்று நாள் ஆகும். அண்ணன் தன் வார விடுமுறைகளில் இந்த மோட்டார்களைச் சரிசெய்து கொடுத்து வந்தார். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் கனவு.

"ரிப்பேர் கடை ஆயிரம் இருக்குது தம்பி. நான் போடறது அது இல்ல. நம்ம பிரஸ்ஸுக்கு ஸ்பேர் மோட்டார் வெச்சிருக்கோம்ல? அது மாதிரி பத்து மோட்டார ஓடற கண்டிஷன்ல ரெடியா வெச்சுக்கணும். போன் வந்தா ஒரு மணி நேரத்துல போயி, கெட்டதக் கழட்டிக்கிட்டு நல்லத மாட்டிட்டு வந்துடணும். கெட்டத அப்புறம் நிதானமா செய்யலாம். பூவு நிதானமா இருக்காது."

இந்த யோசனையில் எந்த ஓட்டையும் இல்லை. அது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு புதிய லைனை ஓட்டும் முன் 'ரிஸ்க் ஷீட்' என்று ஒரு தாள் போடுவோம். எதெது தவறிப்போகலாம் என்று வரிவரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆபத்துக்கு ஏற்ப மதிப்பெண் போட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மாற்று ஏற்பாட்டை எழுதி மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும். எல்லா வரியும் அடைபட்டு, கீழே இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லைன் ஓடும். இயந்திரத்துக்கு நல்ல முறை. நான் அதை ஒரு மனிதருக்குப் போட்டேன்.

"சும்மா பேசிக்கிட்டே இருந்தா எப்படிண்ணா? ஷீட் போடுவோம். எல்லா வரியும் அடைச்சிட்டு நிம்மதியா வெளிய போங்க" என்றேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

டீ நேரத்தில் ஆளுக்கு ஒரு வரி சொன்னார்கள்.

"காத்தடிச்சு பாலிஹவுஸே பிச்சிக்கிட்டுப் போனா?"

"பெங்களூர்க்காரன் எதிர்லயே ஒரு கடை போட்டா?"

"கடை வாசல்ல ரோட்டத் தோண்டிப் போட்டுட்டு ரெண்டு வருஷம் மூடலன்னா? எழுது எழுது, அதுதான் மொத ரிஸ்க்கு!"

பிரஸ் ஓட்டும் பாஷா பாய் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ் முனி, இவனுங்க கிட்ட கேட்டுத்தான் நீ கல்யாணம் கட்டினியா? எனக்குக் கண்ணாலம் ஆனப்ப இந்த ஷீட்டப் போட்டிருந்தா இன்னைக்கும் நான் ஒண்டிக்கட்டதான்!"

எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். கேலியாகச் சொன்னதைக்கூட விடவில்லை. மூன்று வருடத்தில் நாற்பத்தைந்து வரிகளை அடைத்தார். கூடார உரிமையாளர்களை நேரில் போய்ப் பார்த்துப் பேசினார். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் கட்டினார். பழைய மோட்டார்களை வாங்கிச் சரிசெய்து அடுக்கினார். ஒவ்வொரு வரியும் அடைபட்டதும் தாளைக் கொண்டுவந்து காட்டுவார். நான் பச்சை மையில் டிக் போடுவேன். இருபது வருட அனுபவசாலி, பள்ளிப் பிள்ளையைப் போல என் மேஜைக்கு முன்னால் நின்றார். நான் உட்கார்ந்திருந்தேன்.

நாற்பத்தாறாவது வரியை எழுதியது நான். "நடத்துபவருக்கு உடம்பு முடியாமல் போனால்?" மதிப்பெண், இருப்பதிலேயே அதிகம்.

"இதுக்கு என்ன தம்பி பண்றது?"

"பேக்கப் ஆள் வேணும்ணா. நீங்க படுத்துட்டா கடையும் படுத்துடும். ஆள் பேர எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

அவர் திருப்பிக் கேட்டார்: "இங்க எனக்கு பேக்கப் யாரு தம்பி?"

"அது கம்பெனி பிரச்சினைண்ணா" என்றேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு ஒரு வருடம் அந்தத் தாள் வெளியே வரவே இல்லை.

இனி ஆகஸ்ட் மூன்றாம் தேதி. ஞாயிற்றுக்கிழமை, ஆடிப்பெருக்கு. அண்ணனுக்கு விடுமுறை. நான்காம் எண் பிரஸ் நின்றுவிட்டது. அதைத் தொடத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவருக்குப் போன் செய்தவன் நான். "ஒரு கூடாரத்துல மோட்டார் மாட்டறேன்னு வாக்குக் குடுத்திருக்கேனே தம்பி" என்றார். "ரெண்டே மணி நேரம்ணா" என்றேன். ஏழு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை இடது தோளைப் பிசைந்துகொண்டார். "கேஸு" என்றார். ஓம வாட்டர் வாங்கிவரச் சொல்லிவிட்டு நான் திரையில் இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை நான்கரைக்குப் பிரஸ் ஓடியது. அன்று அவர் சாக்பீஸ் எடுக்கவில்லை. அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கேட்டருகே இரங்கல் கூட்டம் நடந்தது. மாலை போட்ட படம், இரண்டு நிமிட மௌனம். அதிகாரி ஒருவர் பேசினார்: "இருபத்திரண்டு ஆண்டுகளில் அழைத்தபோது வர மறுத்ததே இல்லை. நிலையான மனிதர். நேற்றுகூட விடுமுறையில் வந்து பணியாற்றினார்." இதையே அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். மறுக்க விடாமல் வைத்திருந்ததை மறுக்காத குணம் என்று பாராட்டுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர் நிலையாக நின்றவர் இல்லை, நிறுத்தி வைக்கப்பட்டவர். பாஷா பாய் என் காதில், "நல்லாப் பேசறான். நாலாம் நம்பர் ஓடுதே, அந்த நன்றி" என்றார்.

மதியம் பாகலூரில் அவர் வீட்டு வாசலில் நிறையப் பேர். பந்தலுக்குக் கீழே எங்கள் ஆட்களே பேசிக்கொண்டார்கள்: "நல்ல வேளை, வேலைய விடல. விட்டிருந்தா இந்தக் குடும்பம் என்ன ஆயிருக்கும்?"

இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குடும்பத்துக்குக் கம்பெனி வழியாக வர வேண்டியது வரும். ஆனால் பாடையைப் பார்த்துக்கொண்டே 'நல்ல வேளை' என்று எப்படிச் சொல்ல முடிகிறது? கடை வைத்தால் என்னென்ன கெடும் என்று நாற்பத்தாறு வரி எழுதினோமே, வேலையிலேயே இருந்தால் என்னென்ன கெடும் என்று ஒரு வரியாவது எழுதினோமா? அவர் கேட்டார். "இங்க எனக்கு பேக்கப் யாரு?" அதுதான் நாங்கள் போடாமல் விட்ட அந்தத் தாளின் முதல் வரி. நான் எழுதிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் ருக்மணி அக்கா, அண்ணனின் மனைவி, என்னைப் பின்பக்கத்து ஷெட்டுக்குக் கூப்பிட்டார். கையில் அந்தத் தாள். மடித்த இடங்களில் கிழிந்திருந்தது. பன்னிரண்டாம் வரியில் விரலை வைத்தார். 'குடும்பத்தினர் எதிர்ப்பு' என்று என் கையெழுத்தில் இருந்தது.

"இத எழுதினது யாரு?"

"நான்தாங்கக்கா."

"நான் எப்ப வேணாம்னேன்? என்னைய யாராச்சும் கேட்டீங்களா? கூடாரத்துக்காரங்க போனெல்லாம் நான்தான எடுத்துப் பேசினேன்? எந்தக் கூடாரத்துல எத்தன மோட்டாரு, எது எப்ப மாத்தினதுன்னு எங்கிட்டக் கேளு, சொல்றேன். அவரக் கேட்டா, 'தம்பி இன்னும் கையெழுத்துப் போடல ருக்கு'ன்னாரு. நீ யாரு கையெழுத்துப் போட?"

அப்போதும் அக்காவின் போன் அடித்தது. ஒரு கூடாரத்திலிருந்துதான். அக்கா கன்னடத்தில் நான்கு வார்த்தை பேசி வைத்தார். பிறகு தரையைக் காட்டினார். அங்கே ஐந்து மோட்டார்கள். நான்கின் மீது சாக்பீஸ் எழுத்து: நேரமும் 'ஓடுது'வும். ஐந்தாவது திறந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தது அதுதான். என் போன் வந்தபோது வைத்த ஸ்பேனர் வைத்த இடத்திலேயே இருந்தது.

"உனக்குச் செய்யத் தெரியுமா? இல்ல, தாள்ல எழுத மட்டுந்தானா?" என்று கேட்டார் அக்கா.

முனிரத்தினம் அண்ணா, உங்கள் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு அஞ்சலி என்று என்னால் கும்பிட்டுவிட்டு நகர முடியவில்லை. வணக்கத்தை இப்படித்தான் எழுதத் தெரிகிறது:

1. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்தாவது மோட்டாரை முடித்து, வாக்குக் கொடுத்த கூடாரத்தில் மாட்டுவேன். அன்று கம்பெனியிலிருந்து யார் கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டேன்.

2. 'அழைத்தபோது வர மறுத்ததே இல்லை' என்ற அந்தக் காகிதத்தைப் பலகையிலிருந்து எடுக்கச் சொல்வேன். எடுக்காவிட்டால், பக்கத்திலேயே இந்தக் கட்டுரையை ஒட்டுவேன்.

3. நான்காம் எண் பிரஸ்ஸைத் தொட முதலில் நான் கற்றுக்கொண்டு, இன்னும் மூன்று பேருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் கம்பெனியை விட்டுக் கிளம்புவேன். இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்காக ஒற்றை ஆளாக அங்கே கிடந்து யாரும் சாகக்கூடாது.

4. பன்னிரண்டாம் வரியை அடித்துவிட்டு, அக்காவிடம் மன்னிப்புக் கேட்பேன். கடையைத் திறப்பதா வேண்டாமா என்று அவர்தான் சொல்வார். திறந்தால் நடத்துபவர் அவர்.

5. அவர் சரி என்றால், நாற்பத்தாறாவது வரிக்கு எதிரே ஒரு வருடமாகக் காலியாக இருக்கும் கட்டத்தில் என் பெயரை எழுதுவேன். 'ஆள் பேர எழுதுங்க' என்று சொன்ன எனக்கு, 'நான் வர்றேன்ணா' என்று சொல்ல அன்று வாய் வரவில்லை.

6. ராஜினாமா கொடுத்து, என் நோட்டீஸ் காலம் முடிந்த மறுநாள், காலை ஐந்து ஐம்பதுக்கு, பாகலூர் பேக்கரி வாசலில் நானே நின்று, எனக்காகப் பஸ் நிற்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்வேன்.