ஸ்டியரிங்கில் ஒற்றை விரல்

அந்த வண்டிக்கு ஒரு மணமும் இல்லை மக்களே...

நம்மூர் வாடகைக் காரில் ஏறும்போதே வாடிய பிச்சிப்பூ, விபூதி, பழைய சீட் கவர் எல்லாம் சேர்ந்து ஒரு வாசம் வரும். ஸ்காட்லாந்தில் எனக்குக் கிடைத்த சாம்பல் கலர் காரில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அதில் யாருமே உட்கார்ந்ததில்லை போல.

மூன்று வருஷம் முன்னால் நடந்தது. மகள் அங்கே படித்துக்கொண்டிருந்தாள். மஸ்கட் வேலையை விட்டு ஊரோடு வந்த புதிதில் அவளைப் பார்க்கப் போனேன். மனைவிக்கு ஸ்கூலில் லீவு இல்லை. நாலு நாள் கார் எடுத்து, அப்பாவும் மகளுமாக மலைப்பக்கம் சுற்றுவதாகத் திட்டம். கிளம்புகிற முந்தின நாள், அவள் பார்ட் டைம் பார்க்கும் கடையில் லீவு கிடையாது என்றுவிட்டார்கள்.

"புக் பண்ணியாச்சுல்லா... நீங்களாவது போய்ட்டு வாங்கப்பா."

சிரித்துக்கொண்டேதான் கிளம்பினேன். பக்கத்து சீட்டில் பையை வைத்ததும், பெல்ட் போடச் சொல்லி வண்டி மணி அடிக்க ஆரம்பித்தது. பைக்குப் பெல்ட் போட்டுவிட்டேன்.

ரோடு அப்படியே எங்கள் ஊர் பாசன வாய்க்கால் ஓரத்துச் சானல்கரை ரோடுதான். ஒரு கார் போகிற அகலம். வயலுக்குப் பதில் புல்மேடு, கொக்குக்குப் பதில் ஆடு. எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

முதல் வண்டி எதிரே வந்தது. ஓட்டியவர் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

நமக்கு அதற்கு என்ன அர்த்தம்? பகலில் லைட் எரிகிறது, இல்லையென்றால் கதவு சரியாக அடைக்கவில்லை, அதுவும் இல்லையென்றால் முன்னால் போலீஸ் நிற்கிறது. ஒதுக்கி நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது! அணைக்கப் பார்த்தேன்... வைப்பர்தான் ஓடியது. அது பகலிலும் தானாக எரிகிற லைட் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்தவரும் விரலைத் தூக்கினார். டிக்கியைப் பார்த்தேன். அதற்கடுத்தவர். பெட்ரோல் மூடியைத் திருகிப் பார்த்தேன். நாலாவது ஆள் போனபிறகு நான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, ஆட்டுப்பண்ணைக்கார அம்மா ஒருத்தி ஜீப்பை நிறுத்தி என்ன கோளாறு என்று கேட்டாள். சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கோளாறு ஒன்றும் இல்லை, நீ வருகிறாய், நான் உன்னைப் பார்த்துவிட்டேன்... அவ்வளவுதான் அதற்கு அர்த்தம் என்றாள்.

அப்புறம் நானும் தூக்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் இருந்து மத்தியானம் வரை ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. சிவப்புத் தபால் வேன் ஒன்று எதிரே வந்து, விரல் தூக்கிவிட்டு ஒரு கிளை ரோட்டில் திரும்பியது. அந்த ரோடு ஒரு பண்ணை வீட்டோடு முடிந்துவிடும். தபாலைக் கொடுத்துவிட்டு வேன் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்? நானும் வண்டியைத் திருப்பி அந்த ரோட்டிலேயே போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு விரல் எனக்கு வேண்டியிருந்தது.

கிடைத்தது. அப்போதுதான் அண்ணன் நினைப்பு வந்தது.

ஒரே தெருவில் இருக்கிறோம். அப்போது எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பா போனபோது நான் மஸ்கட்டில். கிடைத்த பிளைட்டைப் பிடித்து மறுநாள் காலையில் வாசலில் இறங்கினால், முந்தின சாயங்காலமே எடுத்துவிட்டிருந்தார்கள். எனக்காக ஒரு ராத்திரி வைத்திருக்கக் கூடாதா? அண்ணன் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லீவில் வரும்போது சானல்கரையில் அவருடைய வெள்ளைக் கார் எதிரே வந்தால், நான் தென்னந்தோப்பைப் பார்ப்பேன். அவர் சானல் தண்ணீரைப் பார்ப்பார்.

ஊர் திரும்பிய வாரம், அந்த வெள்ளைக் கார் எதிரே வந்தது. கை தானாக எழும்பியது என்று எழுத ஆசைதான்... பொய் எதற்கு? யோசித்துத்தான் தூக்கினேன். ஒரு விரல்.

அண்ணன் முகம் மாறவில்லை. கடந்து போய்விட்டார். கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. இறங்கினார். முன்னால் போய்க் குனிந்து லைட்டைப் பார்த்தார். டயரைக் காலால் தட்டினார். பின்கதவைத் திறந்து அடைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. எட்டு வருஷமாகப் பேசாத தம்பி விரல் காட்டினால், தன் நல்லதுக்குத்தான் காட்டுவான் என்று நம்பி இறங்கிவிட்டாரே மனுஷன்...

மறுநாள் அதே இடம். கண்ணாடியை இறக்கினார்.

"லைட்டு ஒண்ணும் எரியலயேடே?"

"இல்லண்ணே... சும்மாத்தான் காட்டுனேன்."

"சும்மாவா?"

"ஆமாண்ணே."

என் கார் பானெட்டைப் பார்த்தார். "செரி" என்று ரிவர்ஸ் எடுத்து எனக்கு வழிவிட்டார்.

அதோடு பேச்சு முடிந்தது. அப்பா விஷயம் நடுவில் அப்படியேதான் கிடக்கிறது. ஆனால் எதிரே பார்த்தால் இருவரும் விரல் தூக்குகிறோம்.

மகளுக்கு அங்கேயே வேலை கிடைத்துவிட்டது. மனைவி ஸ்கூலுக்குப் போனால் பகல் முழுக்க வீட்டில் நான் மட்டும். அந்த நாலு நாளோடு முடிந்தது என்று நினைத்த தனிமை இங்கேயும் கூடவே வந்து இருக்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது தடவை சாவியை எடுத்ததும் மனைவி கேட்டாள்.

"எங்க போறிய? காலையிலதானே கோட்டாறு சந்தைக்குப் போய்ட்டு வந்திய?"

"மட்டிப்பழம் வாங்க மறந்துட்டேன்."

மட்டி வாழைக்குலை அவள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சானல்கரை வளைவில் திரும்பினேன். எதிரே வெள்ளைக் கார். காலையிலும் இதே இடத்தில்தான் பார்த்தேன். அண்ணன் பக்கத்து சீட்டில் ஒரு கடைப்பை கூட இல்லை.

இந்தத் தடவை முதலில் அவர்தான் விரலைத் தூக்கினார்.